மெதுவாக ஓடி வென்றவர்கள்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டதும், நம் கல்லூரி மைதானமும் நான் ஓடாமல் போன ஓர் ஓட்டமும்தான் நினைவுக்கு வந்தன.

1987. இறுதியாண்டு. கல்லூரிகளுக்கிடையிலான கிராஸ்கன்ட்ரி போட்டிக்குத் தினமும் காலையில் மூச்சு முட்ட ஓடுவேன். நேற்றைவிட இன்று ஒரு விநாடியாவது குறையணும். இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. பத்து நாள் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி பிடித்துக்கொண்டது. போட்டியன்று நண்பர்களின் துண்டுகளுக்குக் காவல் இருந்தேன். 'நமக்கு ஓட்டம் ஒத்து வராது' என்று முடிவு கட்டி, இருபத்தைந்து வருடம் ஷூவைத் தொடவில்லை.

என் தவறு எது என்பது ஆர்தர் லிடியார்டின் (1917-2004) வரலாற்றைப் படித்த பிறகுதான் விளங்கியது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். ஒருநாள் நண்பருடன் ஐந்து மைல் ஓடியதிலேயே துவண்டுபோனார். 'இப்பவே இப்படின்னா, வயசானா என்ன ஆவோம்?' என்ற பயம்தான் அவரை ஓட வைத்தது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் வென்று, தம் முதல் மாரத்தானிலேயே தங்கமும் வாங்கினார். 400 மீட்டர் வேகம், சற்று மெல்லோட்டம், மறுபடி வேகம் என்று ஒரே நாளில் பல தடவை ஓடுவது அவர் வழக்கம். பலரும் அந்த வழியில் போனார்கள்.

லிடியார்ட் தம் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினார். கூட்டியும் குறைத்தும் ஓடிப் பார்த்து, வாரம் 100 மைல், அதாவது 160 கி.மீ., என்ற அளவுக்கு வந்தார். முதலில் பல வாரங்கள் நிதானமான நெடுந்தூர ஓட்டம், அப்புறம் மேட்டு ஓட்டம், அதன் பிறகே வேகப் பயிற்சி, கடைசியில் ஓய்வு. நிதான ஓட்டத்தில் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. அஸ்திவாரம் காய்ந்த பிறகுதானே மாடி கட்டணும்? நான் மாடியிலிருந்து ஆரம்பித்தவன்!

அவரிடம் பயின்றவர்கள் ஓட்டத்தால் சம்பாதிக்காத அமெச்சூர் வீரர்கள். ஞாயிறுதோறும் மலைப்பாதையில் 22 மைல். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லுக்கும் விலக்கில்லை. 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். ஸ்னெல் 800 மீட்டரிலும், ஒரு கை ஊனமான முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே மாலையில் தங்கம் வென்றனர். சில நாளில் பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

160 கி.மீ. எல்லோருக்கும் ஆகாது. இதே லிடியார்ட் 1960களின் தொடக்கத்தில், இதய நோய் கண்ட நடுத்தர வயதினரை மெல்லோட்டம் ஓட வைத்தார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் அங்கே கணக்கு. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். வாரம் 20 கி.மீ.யில் தொடங்கி 50 வரை மெல்ல ஏற்றினேன். 2014-ல், 47-வது வயதில், சென்னையில் 42.195 கி.மீ. முடித்தேன். நாலரை மணி நேரம் ஆனது. வலி வரவில்லை.

மைதானத்தில் இன்று ஓடும் தம்பி, தங்கைகளே! கடிகாரத்தோடு சண்டை போடப் பின்னால் நிறைய நாள் இருக்கிறது. முதல் மூன்று மாதம் பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். போட்டியன்று துண்டுக்குக் காவல் இருக்கும் வேலை உங்களுக்கு வராது.