சரக்குப் பெட்டகத்தைக் கிடங்காக்க அனுமதி தேவையா? அறிய வேண்டியவை

கப்பல் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களை வாங்கிக் கிடங்காகப் பயன்படுத்துவோர், அதனை நகர்த்த முடியும் என்பதாலேயே கட்டட விதிகள் பொருந்தாது எனக் கருதிவிடக் கூடாது.

அடித்தளம்

20 அடி பெட்டகத்தின் நீளம் சுமார் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். வெற்று எடையே 2 டன்னுக்கு மேல். கப்பலில் அடுக்குவதற்கேற்ற வடிவமைப்பு என்பதால், அதன் சுமை நான்கு மூலை வார்ப்புகள் வழியாகவே கீழே இறங்குகிறது. எனவே, தளம் முழுவதும் கான்கிரீட் இடாமல், மூலைகளில் ஒரே மட்டத்தில் உறுதியான பீடங்களை அமைத்தாலே பொதுவாகப் போதும். ஒரு மூலை தாழ்ந்தாலும் சட்டகம் முறுகி, கதவுகள் இறுகிவிடும்.

ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும் கரிசல் மண் பகுதிகளில் ஆழமற்ற பீடங்கள் நிலைக்காது. பெட்டகத்தின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் காற்றோட்டம் இருந்தால் துருப்பிடிப்பது குறையும். புயல் தாக்கும் ஒடிஸா, ஆந்திரக் கடலோரங்களில் வெற்றுப் பெட்டகத்தைப் பீடத்துடன் பிணைப்பது அவசியம். காற்றின் விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875 தர நிர்ணயத்தின் 3-ஆம் பகுதி உதவும்.

அனுமதி

கட்டட அனுமதியை மாநிலச் சட்டங்களின்கீழ் உள்ளாட்சி அமைப்புகளும் திட்டக் குழுமங்களும் வழங்குகின்றன. 'கட்டடம்' என்பதற்கு அந்தந்தச் சட்டம் தரும் வரையறையே முடிவானது.

தரையில் தன் எடையாலேயே நிற்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் சொத்து வரி பொருந்தும் என மும்பை மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. கைப்பேசி கோபுரங்களை சொத்து வரி நோக்கில் 'கட்டடம்' என 2016-இல் ஏற்ற அதே நீதிமன்றம், 2024-இல் உள்ளீட்டு வரிச் சலுகை தொடர்பான வழக்கில் அவற்றை நகர்த்தக்கூடிய பொருள்கள் என்றது. ஒரு சட்டத்தின்கீழ் கிடைக்கும் விலக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதையே இவை உணர்த்துகின்றன.

எனவே, பெட்டகத்தை இறக்குவதற்கு முன்பே, மனை வரைபடத்துடன் உள்ளாட்சி அலுவலகத்தை அணுகி எழுத்துப்பூர்வ பதில் பெறுவது நல்லது. விளைநிலமாயின், நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவையா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வெளிநாட்டுப் பெட்டகங்கள் 6 மாதங்களில் மறு ஏற்றுமதி செய்யப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் சுங்க வரி விலக்குப் பெற்று வருபவை. ஆகவே, பழைய பெட்டகம் வாங்குவோர் விற்பனையாளரிடம் சுங்க வரி செலுத்தியதற்கான ஆவணத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.