சட்டமும் வழக்கமும் வீடும்: ஹல்துமுல்லைப் பெண்பிள்ளைகளின் நூறாண்டு

நம் பாடசாலை நூறாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள் பற்றி இம்மலரில் பலர் எழுதுகிறார்கள். என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். நான் வைத்தியர், வரலாறு என் தொழில் இல்லை. ஆனால் வைத்தியத் தொழிலில் நோயைக் கேட்பதற்கு முன்பே வயது, ஊர், தாய் தந்தை, செய்யும் வேலை எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் நமது பிரதேசப் பெண்பிள்ளைகளின் நூறாண்டைப் பார்க்க முனைகிறேன்.

பழைய பாடசாலை இடாப்பு எதை எடுத்தாலும் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி என்று பத்திகள் இருக்கும். சேர்ந்த திகதிக்கும் விலகிய திகதிக்கும் இடையிலான அந்தச் சில ஆண்டுகளைத் தீர்மானித்தவர்கள் யார்? அரசாங்கம், நம் வழக்கங்கள், நம் வீடு ஆகிய மூன்றும்தான். இவை மூன்றும் தனித்தனியாக வேலை செய்யவில்லை என்பதே நான் சொல்ல வருவது. நாம் 'எங்கள் பழக்கம்' என்று நம்பிய பலவற்றுக்குப் பின்னால் ஒரு சட்டமோ ஒரு கூலிக் கணக்கோ இருந்திருக்கிறது.

பத்து வயதுக் கணக்கு

நூறாண்டுக்கு முன்னர் ஹல்துமுல்லையைச் சுற்றிய மலைகள் ஏற்கெனவே தேயிலை மலைகள். கோப்பி நோயில் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்து, ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேத்தன்னையில் லிப்டன் 1890இல் ஆலை கட்டி ஒரு தலைமுறை கடந்திருந்தது. கொழுந்து பறிப்பது பெண்களின் கை. பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது.

1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமாருக்கு ஒரு கடமையை விதித்தது. தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவேண்டும்; அதற்கு ஓர் இடமும் ஒதுக்கவேண்டும். நல்ல சட்டம்தான். ஏழு ஆண்டுகள் கழித்து, 1927இல், இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று அது சொன்னது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி, பிள்ளைக்கு இன்னும் குறைந்த கூலி என்று மூன்று படிகளையும் வைத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிப்பிக்கும் கடமை முடிகின்ற வயதும் வேலைக்கு எடுக்கும் உரிமை தொடங்குகின்ற வயதும் ஒன்றே. பத்து வயதில் ஒரு கதவு மூட, இன்னொரு கதவு திறந்தது. அதற்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிடுவாள். தண்ணீர் ஊற்றி, சடங்கு செய்து, 'இனி ஏன் படிப்பு?' என்று வீடு கேட்கும். பெரட்டுக்களத்தில் பேர் பதிவார்கள். நம் பாட்டிமாரின் காலத்தில் 'பொம்பளப்புள்ளைக்கு அஞ்சாம் வகுப்பு போதும்' என்ற பேச்சு வழக்கமாக இருந்தது. அந்த 'அஞ்சாம் வகுப்பு' நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமா? தோட்டப் பள்ளிக்கூடம் அவ்வளவோடு முடிந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் படிக்க நம்முடையதைப் போன்ற கடைவீதிப் பாடசாலைக்கு மலையிறங்கி வரவேண்டும். இல்லாத வகுப்புக்கு ஆசைப்படக்கூடாது என்பதையே வீடு வழக்கமாக்கிக்கொண்டது.

தாயின் பெயருக்கு மதிப்பில்லாத சட்டம்

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும், தந்தையும் இங்கு பிறந்தவராக இருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையும் இங்கு பிறந்திருக்கவேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயங்களில் இதை எப்படி நிரூபிப்பது? தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவேயில்லை.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர், துணையை இழந்தவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கு வாழ்ந்ததைக் காட்டவேண்டும். மனைவி பிள்ளைகளும் இங்கேயே இருந்திருக்கவேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், குலதெய்வத்துக்கு முடியிறக்கப் போவதும், கல்யாணம் காட்சிக்கு ஊர் போய்வருவதும் நம் வழக்கம். அந்த வழக்கமே, 'இவர்கள் நிரந்தரவாசிகள் அல்லர்' என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சுமார் 825,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. சுமார் 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

இதே காலத்தில் வாக்குரிமையும் பிரஜாவுரிமையோடு பிணைக்கப்பட்டதால், 1952 தேர்தலில் ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1977 வரை தோட்ட மக்கள் தெரிந்தனுப்பிய ஒருவர் பாராளுமன்றத்தில் இல்லை. இது நம் பள்ளிக்கூடக் கதையோடு நேரடியாகத் தொடர்புடையது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இரண்டு முறையும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தோடே விடப்பட்டன. கேட்பதற்கு நமக்கு ஆளில்லை.

ஒப்பாரிக் கோச்சி

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்பட வேண்டியவர்கள். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த 150,000 பேரையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிபட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

பெண்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு இருந்தது. குடும்பத்தின் விண்ணப்பம் தகப்பன் பெயரில் போகும். மணமானவள் கணவன் போகும் பக்கம் போவாள். பெண் பார்க்க வருகிறவர்கள் சாதி, பொருத்தம் கேட்பதோடு 'எந்தப் பிரஜை?' என்றும் கேட்கத் தொடங்கினார்கள். என் அம்மாயிக்கு இலங்கை. அவருடைய அக்காவுக்கு இந்தியா. ஒரே லயத்தில் ஒரே அடுப்பங்கரையில் வளர்ந்தவர்கள். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்களில் பலர் படிப்பை விட்டது கெட்டித்தனம் இல்லாமலோ வீட்டார் மறுத்தோ இல்லை. வகுப்பு நடுவில் பயணத் திகதி வந்துவிட்டது.

கதவு திறந்தபோது

1975இல் பெருந்தோட்டங்கள் தேசியமயமாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிக்கூடங்கள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி ஆனது. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. அதே 2003இல் வந்த இன்னொரு திருத்தம், தாயும் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வழங்கலாம் என்றது. 1948இல் கேட்கப்படாத அவள் பெயர் 55 ஆண்டுகள் கழித்துக் கணக்கில் சேர்ந்தது. 1995 முதல் திருமண வயது 18. 1998 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி, 2016இலிருந்து 16 வயதுவரை.

சட்டம் மாறியதும் வழக்கம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதை என் தலைமுறை கண்ணால் கண்டது. பெண்ணுக்குக் கூலி குறைவாகத்தான் இருக்கும் என்று நூறு ஆண்டுகள் இயல்பாக எண்ணியிருந்தார்கள். 1984க்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெரியபிள்ளையானதும் சடங்கு இன்றும் நடக்கிறது. சடங்கு முடிந்து மறு வாரம் பிள்ளை வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்கு வருகிறாள். சடங்கு படிப்புக்குப் பகையென்றால் இது நடந்திருக்காது.

நான் மருத்துவபீடத்துக்குள் நுழைந்தது பதுளை மாவட்டத்துக்குரிய ஒதுக்கீட்டில். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் ஊவாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த காலம். அரசின் ஒரு சட்டம் என் பாட்டியை நாடற்றவளாக்கியது; அதே அரசின் ஒரு விதி பேத்தியை வைத்தியராக்கியது.

ஆனால் அந்த விதி என் கைக்கு எட்டுவதற்கு முன்னால் வீடு ஒன்று செய்தது. அம்மா பேர் பதிந்து வேலை செய்தார். வேலையில் ஆளில்லாவிட்டால் லயக்காம்பராவும் நிலைக்காது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. 'மகளைப் பதியலாமே' என்று சொல்லாத ஆளில்லை. அம்மா பதியவில்லை. இத்தகைய தாய்மார் நம் ஒவ்வொருவர் பின்னாலும் இருக்கிறார்கள். சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கிளினிக்கில் தெரிவது

எல்லாம் முடிந்த கதையென்று எண்ணிவிடக்கூடாது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். கூலியை நிர்ணயிப்பது அரசும் கம்பனியும் தொழிற்சங்கமும். எல்லாரும் சாப்பிட்டபின் கடைசியில் சாப்பிடுவது நம் வழக்கம். மகனுக்கு முட்டை, மகளுக்குக் குழம்பு என்பது வீட்டின் கணக்கு. இந்த மூன்றும் சேர்ந்துதான் பிள்ளை நிறுவைத் தராசில் ஏறுகிறது.

ஒரே கூலி வந்தபின்னும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுநாள் தொடர்ந்தது. எல்.ஆர்.டி. செய்வதா வேண்டாமா என்று கேட்டால், விடை சொல்ல வாயெடுப்பவர் கணவனோ மாமியாரோ. படுக்கையில் இருப்பவள் நிலத்தைப் பார்க்கிறாள். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணமும் கொடுத்தது. கடன்பட்ட வீட்டில் அந்தப் பணத்துக்கும் அவள் விருப்பத்துக்கும் எது முன்னே நின்றிருக்கும்?

மத்திய கிழக்குக்குப் போகும் தாய்மாரின் கதையும் இதேதான். போகச் சொல்வது வீட்டின் கடன். 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயைத் தடுத்தது. தகப்பனிடம் அப்படியோர் அறிக்கை கேட்கவில்லை. நாடு டொலருக்குத் தவித்த 2022இல் அவ்விதி தளர்ந்தது.

நம் பிரதேச செயலகப் பிரிவிலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் அதிகமானோரை இழந்தோம். பாடசாலைக்குப் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது, வெளியேறுங்கள் என்று 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தார்கள். சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் நிலமும் இல்லாதவர்கள் எங்கே வெளியேறுவது?

நாம் செய்யக்கூடியது

நம் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, பாடசாலையின் பழைய இடாப்புகளைப் பூச்சி அரிக்குமுன் படமெடுத்துப் பாதுகாப்போம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்து அல்லலுறும் முதியவர்களுக்கு அந்த ஒரு வரி சான்றாக உதவும். இரண்டாவது, தோட்டங்களில் புதிய வீடுகளுக்குக் காணி உறுதிகள் வரும்போது, அதில் பெண்ணின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், உறவினருக்கும் சொல்லுங்கள். மூன்றாவது, வருடத்தில் ஒருநாளாவது வந்து ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரோடு பேசுங்கள். பிள்ளைகளைவிட அவர்களோடு பேசுவதுதான் முக்கியம். இன்றும் கொழும்பில் வீட்டுவேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ மகளை அனுப்புவதா, உயர்தரத்துக்கு விடுவதா என்று இரவில் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்களே. நம்மைப் போல் படித்த ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கணக்கு மாறக்கூடும்.

 

— பழைய மாணவி, வைத்தியர்