காற்றை அளந்த கணக்கு

உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு கருவி அது. அதன் தலைப்பில் விரல்நுனியளவு விசிறிச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. நெடுந்தொலைவுத் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்வோர் பலர் இன்று இதனைத் தம்முடன் வைத்திருக்கின்றனர். காற்றின் வேகம், வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றை அது தானே அளந்துகொள்ளும். தோட்டாவின் எடை, வடிவம், குழல்வாயினின்று புறப்படும் வேகம், இலக்கின் தொலைவு ஆகியவற்றை நாம் கொடுத்துவிட்டால் போதும்; குறிநோக்கியை எவ்வளவு உயர்த்த வேண்டும், எப்பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை இமைப்பொழுதில் எண்களாகக் காட்டிவிடும்.

இத்தகைய கருவிக்கும் நமக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். துப்பாக்கி நம் இல்லங்களில் இல்லை; இருக்கவும் வேண்டாம். ஆயினும் அச்சிறு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும் கணக்கின் வரலாற்றில், புகாராவுக்கு அருகே பிறந்த மருத்துவர் ஒருவருக்கும், நம் கடலூர்க் கடற்கரையில் மாண்ட ஆங்கிலேயர் ஒருவருக்கும், கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெயரின்றி ஒதுங்கிய பெண்மணிகளுக்கும் பங்குண்டு. அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

முதலில் சிக்கல் இன்னதென்று அறிதல் வேண்டும். நொடிக்கு 2,600 அடி வேகத்தில் ஒரு தோட்டா புறப்படுகிறது எனக் கொள்வோம். இலக்கு 1,000 கஜத்திற்கு அப்பால் உள்ளது. இடையில் காற்றே இல்லாதிருந்தால் ஏறத்தாழ 1.15 நொடியில் அது போய்ச் சேரும். அதற்குள் பூமியின் ஈர்ப்பு அதனை 21 அடி கீழிறக்கியிருக்கும். ஆனால் காற்று இருக்கிறது. நடைமுறையில் சாதாரணப் போட்டித் தோட்டா ஒன்று அத்தொலைவைக் கடக்க 1.7 நொடியளவு ஆகிறது. குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 36 அடி இறங்கிவிடுகிறது. இலக்கை அடையும்போது புறப்பட்ட வேகத்தில் பாதிகூட அதனிடம் எஞ்சுவதில்லை. ஈர்ப்பைக் கணக்கிடுவது பள்ளி மாணவனுக்கும் எளிது. காற்று பறித்துக்கொள்வதைக் கணக்கிடுவதே கடினம். அக்கருவி செய்யும் வேலையில் பெரும்பகுதி அதுதான்.

காற்று பறித்துக்கொள்கிறது என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037) ஒருவர். எறியப்பட்ட கல், கையை விட்டகன்ற பின்னும் ஏன் போய்க்கொண்டிருக்கிறது? பின்னாலுள்ள காற்றே அதனைத் தள்ளிச் செல்கிறது என்று அரிஸ்தாத்தில் கூறிப்போனார். இப்னு சீனா தம் ‘அஷ்ஷிஃபா’வில் இதனை ஏற்கவில்லை. எறிபவன் கல்லுக்கு ஒரு ‘மைல்’ கொடுக்கிறான், அதாவது ஒரு சாய்வை. காற்று போன்ற புறத்தடைகள் அதனைத் தேய்த்து அழிக்கின்றன. தடையே இல்லாத வெற்றிடத்தில் அது அழியாது என்றார். (தூரத்தை அளக்கும் ‘மீல்’ வேறு, இந்த ‘மைல்’ வேறு. மீம், யே, லாம் என எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அறபு ஓதும் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.) வெற்றிடம் உண்மையில் இருக்க இயலாது என்பதும் அவர் கொள்கையே என்பதை மறைத்தல் நேர்மையன்று.

இவ்விடத்தில் ஒரு சொல். இதைக் கேட்டவுடன், மேலைநாட்டார் கண்டதையெல்லாம் நம்மவர் முன்னரே கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உளர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். காற்றுத் தடுக்கிறது என்று சொல்வது ஒன்று. எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து எண்ணாகக் கொடுப்பது மற்றொன்று. முன்னது இப்னு சீனாவுக்கு உரியது. பின்னது அவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரே நிகழ்ந்தது.

இடைக்காலத்தில் வெனிஸ் நகரத்துக் கணக்காசிரியர் தார்த்தாலியா 1537 இல் பீரங்கிக் குண்டின் பாதையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முன்னுரை நம்மைத் திகைக்கச் செய்கிறது. மனிதரை அழிக்கும் கலையைச் செம்மைப்படுத்துவது பழிக்குரிய செயல் என்று தம் மனச்சான்று உறுத்தியதால், எழுதியவற்றையெல்லாம் எரித்துவிட்டதாக அவரே கூறுகிறார். பிறகு ஏன் வெளியிட்டார்? துருக்கியர் படையெடுத்து வருகின்றனர், ஓநாய் மந்தையை நெருங்குகிறது, இனி மறைத்து வைத்தல் தகாது என்கிறார். அந்த ஓநாய் சுல்தான் சுலைமானின் படையே! எதிரி என்று ஒருவரைக் கண்டவுடன் உறுத்தல் அடங்கிவிட்டது. இதற்காக அவரொருவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. உதுமானியரின் வார்ப்பாலைகளில் பீரங்கி வார்த்தோர் எவ்வளவு உறுத்தலுற்றனர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் கலீலியோ 1638 இல் வெளியான தம் நூலில், எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று நிறுவினார். காற்றைக் கணக்கில் கொள்ளாதவரை அது முற்றும் சரி. காற்று மெலிதன்றோ, இரும்புக் குண்டை அது என்ன செய்துவிடும் என்று பீரங்கி நூலார் பலர் அப்பரவளைவையே நூறாண்டுக் காலம் ஓதி வந்தனர்.

அவர்களை உலுக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரையே விலக்கிவைத்த குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். 1742 இல் அவர் வெளியிட்ட ‘பீரங்கிக்கலையின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூல் அளவிற் சிறியது. அதன் உயிர்நாடி ஓர் ஊசல். ஐம்பத்தாறு பவுண்டு எடையில், மரப்பலகை முகப்புடன் ஓர் ஊசலைத் தொங்கவிட்டு, அதன்மீது துப்பாக்கியால் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்து நிற்கும்; ஊசல் பின்னோக்கி அசையும். அசைந்த அளவை ஒரு நாடா இழுபட்டுக் காட்டும். குண்டின் எடையும் ஊசலின் எடையும் அசைவும் தெரிந்தால் மோதிய வேகம் கணக்கில் வந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின் வேகத்தை ஒரு முழ நாடாவைக் கொண்டு அளந்த அந்த எளிமையை நாம் எத்தனை முறை வியந்தாலும் தகும்.

ஊசலை அருகே வைத்துச் சுட்டார். தள்ளி வைத்தும் சுட்டார். இரு வேகங்களுக்கும் உள்ள வேற்றுமை, இடைவழியில் காற்று பறித்துக்கொண்டது. விளைவைக் கண்டு அவரே மலைத்திருப்பார். முக்கால் அங்குல ஈயக் குண்டு நொடிக்கு 1,700 அடியளவு வேகத்தில் செல்லும்போது, காற்று அதனை அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட விசையால் எதிர்க்கிறது! பரவளைவுக் கணக்கின்படி பதினாறு மைல் செல்லவேண்டிய பீரங்கிக் குண்டு மூன்று மைலுக்குள் வீழ்வதன் மர்மம் இதுவே. ஒலியின் வேகத்தை ஒட்டி அத்தடை திடீரென மிகுவதையும் அவர் கண்டார். 1745 இல் கணித மேதை ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தை விஞ்சும் விரிவுரையும் சேர்த்தார். மூலத்தை உரை விழுங்கும் வழக்கம் நம் ‘ஷரஹு’களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

அத்தகைய அறிஞரைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1749 இல் தன் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்து வைத்திருந்து, அவ்வாண்டில்தான் திருப்பிக் கொடுத்திருந்தனர். கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட 1750 இல் ராபின்ஸ் நம் கரைக்கு வந்தார். கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையே அப்போது சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம். பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கப்பல்கள் பாய்விரித்த அதே கடலோரம். வந்த ஓராண்டில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. 1751 ஜூலை 29 இல் அங்கேயே மாண்டார். வயது நாற்பத்து நான்கு. அடுத்த மாத இறுதியில் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் புகுந்தார். நவாபுகளின் அரியணைப் பூசலில் கம்பெனியின் கை ஓங்கியது அதன் பின்னரே. காற்றை அளந்தவர் யாருக்குக் கோட்டை கட்ட வந்தார் என்பதை, அவரது அறிவைப் போற்றும்போது நாம் மறந்துவிடலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகவே சொல்வோம். பாஷ்ஃபோர்த் என்னும் பாதிரியார், வரிசையாக நிறுத்திய நூல்திரைகளைக் குண்டு அறுத்துச் செல்லும் நேரங்களை மின்சாரக் கருவியால் பதிவு செய்தார். இத்தாலியில் சியாச்சி என்பவர் 1880 இல் இக்கணக்குகளை அட்டவணைக்குள் அடக்கும் வழியைக் கண்டார். ஒரு மாதிரிக் குண்டு காற்றில் எவ்வாறு வேகம் குறைகிறது என்பதை ஒருமுறை அளந்து பட்டியலிட்டுவிட வேண்டும். பிற குண்டுகளுக்கெல்லாம் ஒரே ஒரு குணகத்தை ஒப்பீடாகக் கொடுத்தால் போதும். இன்றைய தோட்டாப் பெட்டிகளின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண் அக்குணகமே.

இதற்குள் குறிசுடுதல் விளையாட்டாகவும் வளர்ந்திருந்தது. 1860 இல் விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசியார் முதற்குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். 1874 இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கஜத் தொலைவுகளில் மோதின. 934க்கு 931 என்று அமெரிக்கர் வென்றனர். அயர்லாந்து வீரர் ஒருவர் இலக்கின் நடுப்பொட்டில்தான் சுட்டார். ஆனால் அது பக்கத்து இலக்கு! எந்தக் கருவியும் திருத்த முடியாத பிழை அது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்குச் சுடும் அட்டவணைகள் மலைபோல் தேவைப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்ற இளம்பெண்களை அமர்த்தி அவற்றைப் போடச் செய்தனர். ‘கம்ப்யூட்டர்’ என்பது அந்நாளில் பொறியின் பெயரன்று, அப்பெண்களின் பதவிப்பெயர். ஒரேயொரு குண்டின் பாதையை மேசைக் கணக்குப் பொறியால் முடிக்க ஒருத்திக்கு முப்பது, நாற்பது மணி நேரம் பிடித்தது. இந்தத் தாமதமே ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணிப்பொறியைத் தோற்றுவித்தது. முப்பது டன் எடை, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். ஒரு பெருங்கூடத்தையே அடைத்து நின்றது. அது முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. முதல் வேலையாக அதற்குக் கொடுக்கப்பட்டது ஹைட்ரஜன் குண்டின் கணக்கு. தார்த்தாலியாவின் எரிந்த தாள்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

1946 பிப்ரவரியில் அதனைப் பொதுமக்கள்முன் இயக்கிக் காட்டினர். முப்பது நொடி பறக்கும் குண்டின் பாதையை இருபது நொடியில் கணித்தது; குண்டு விழுமுன் விடை வந்துவிட்டது! அக்கணக்கைப் பொறிக்குள் அமைத்தவர்கள் கேத்லீன் மக்நல்ட்டி, ஃபிரான்சஸ் பிலாஸ், பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், எலிசபெத் ஸ்னைடர், ரூத் லிக்டர்மன், மார்லின் வெஸ்கோஃப் ஆகிய ஆறு பெண்மணிகள். அன்றிரவு நடந்த பெருவிருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1997 இல்தான் ஒரு மகளிர் அமைப்பு அவர்களுக்குரிய சிறப்பைச் செய்தது. நம் பெண்மக்களுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்போர் இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

பின்னர் எல்லாம் விரைந்து சிறுத்தன. 1974 இல் ‘எச்.பி. 65’ என்னும் கைக் கால்குலேட்டர் வந்தது. கணக்கு வழியைக் காந்த அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். இன்றைய காற்றளவிகளுள் பெயர்பெற்ற ‘கெஸ்ட்ரெல்’ உருவாவது, எனியாக் நின்ற ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகிலுள்ள பூத்வின் என்ற ஊரில். 2009 இல் நெடுந்தொலைவுச் சுடுதல் பற்றி நூல் வெளியிட்ட பிரையன் லிட்ஸ் என்பவரின் கணக்கு முறையே அதன் உயர்வகைகளுள் இயங்குகிறது. மாதிரிக் குண்டுக்குப் பதிலாக, அந்தந்தத் தோட்டாவையே ராடாரால் பின்தொடர்ந்து அளந்த தடையை இப்போது பயன்படுத்துகின்றனர். ராபின்ஸின் நாடா செய்த வேலைதான். போட்டித் திடலில் உள்ள இக்கருவி போர்க்களத்தில் மறைந்திருந்து சுடுவோரிடமும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இவ்வளவும் இருந்து, பக்கக்காற்று மட்டும் இன்னும் அடங்கவில்லை. அதன் விதி மிக அழகியது: வெற்றிடத்தில் ஆகியிருக்கும் நேரத்தைவிடத் தோட்டா எவ்வளவு தாமதிக்கிறதோ, அவ்வளவு நேரம் பக்கக்காற்று ஓடும் தூரமே தோட்டா ஒதுங்கும் தூரம். மேற்சொன்ன தோட்டாவுக்குத் தாமதம் அரை நொடிக்குச் சற்று மேல். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று அதனை ஏறத்தாழ 8 அடி ஒதுக்கிவிடும். ஒரே ஒரு மைல் தவறாக மதித்தாலும் பத்து அங்குலம் விலகும். கருவியின் சக்கரமோ சுடுபவர் படுத்திருக்கும் இடத்துக் காற்றை மட்டுமே அறியும். அறுநூறாவது கஜத்தில் காற்று எதிர்த்திசையில் வீசலாம். ஆகையால் நெடுந்தொலைவுத் திடல்களில் இன்றும் வழிநெடுகக் கொடிகள் நடப்படுகின்றன. கருவி காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்ட பின்னும், அனுபவமுள்ள போட்டியாளர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வெயிலில் எழும் கானல் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.