15 ஆயிரம் டாலரில் எடுத்த பேய்ப் படம்... 19 கோடி டாலர் வசூல்! அப்போ லாபம் எவ்வளவு?

குறைந்த பட்ஜெட்டில் எடுத்த பேய்ப் படம் ஏதாவது ஹிட் அடித்தால் போதும், 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தின் கணக்கு மறுபடியும் சமூக வலைதளங்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். செலவு 15 ஆயிரம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 7 லட்சம் ரூபாய். உலகம் முழுக்க வசூல் 19.3 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 900 கோடி ரூபாய். இரண்டு நம்பருமே சரிதான். ஆனால் ஒன்றை இன்னொன்றால் வகுத்து 'போட்ட காசுக்கு 12 ஆயிரம் மடங்கு லாபம்' என்று சொல்வதில்தான் சிக்கல்.

15 ஆயிரம் டாலரில் என்ன எடுத்தார்கள்?

படத்தின் இயக்குநர் ஓரன் பெலி அப்போது சினிமாக்காரரே இல்லை. வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த புரோகிராமர். அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த தன் சொந்த வீட்டிலேயே, 2006-ல், ஏழே நாளில் ஷூட்டிங்கை முடித்தார். பெரிய டெக்னீஷியன் குழு கிடையாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் போதும், ஜோடி தூங்குவதை அது பாட்டுக்குப் பதிவு செய்யும். முழு வசனமும் எழுதவில்லை. காட்சியை மட்டும் சொல்லிவிட்டு நடிகர்களையே பேச விட்டார். முக்கிய நடிகர்களான கேட்டி ஃபெதர்ஸ்டன், மைக்கா ஸ்லோட் இருவருக்கும் ஆரம்பத்தில் கிடைத்த சம்பளம் தலைக்கு 500 டாலர்.

பேய்ப் படத்துக்கு இந்த சிக்கனம் செட் ஆகும். கதவு தானாக அசைவதற்கு கிராஃபிக்ஸ் தேவையில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் 'நிஜமாவே வீட்ல எடுத்தது போல' என்று ஆடியன்ஸ் இன்னும் பயப்படுவார்கள். காதல் படத்தில் இதே தரம் இருந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பார்கள்.

செலவு அதோடு நிற்கவில்லை

2007-ல் ஒரு திகில் பட விழாவில் திரையிட்ட பிறகும் படம் உடனே தியேட்டருக்கு வரவில்லை. சுமார் 3.5 லட்சம் டாலருக்கு உரிமையை வாங்கிய டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்கு, இதையே பெரிய பட்ஜெட்டில் மறுபடி எடுக்கலாம் என்றுதான் யோசனை. ஆடியன்ஸுக்குப் போட்டுக் காட்டியபோது சிலர் பயத்தில் பாதியிலேயே எழுந்து போனதைப் பார்த்துதான் மனதை மாற்றிக்கொண்டார்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சொன்ன யோசனைப்படி கிளைமாக்ஸ் மாறியது. அதற்கு இன்னொரு 2 லட்சம் டாலர். ஷூட்டிங் செலவைப் போல 13 மடங்கு, கடைசி சில நிமிடங்களுக்கு மட்டும்!

அடுத்தது ரிலீஸ். 2009-ல் அமெரிக்காவில் பெரும்பாலான தியேட்டர்களில் ஓடியது ஃபிலிம் பிரிண்ட்தான். ஒரு பிரிண்ட் போடவே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆயிரம் பிரிண்ட் போட்டாலே 10 லட்சம் டாலர் காலி. டிவி விளம்பரச் செலவு தனி.

அதனால்தான் பாராமவுண்ட் நிறுவனம் உஷாராக இறங்கியது. 2009 செப்டம்பரில் முதலில் 13 கல்லூரி நகரங்களில் நள்ளிரவுக் காட்சி மட்டும். 'உங்க ஊருக்கு படம் வேணுமா, இணையத்தில் ஓட்டுப் போடுங்க' என்றார்கள். 10 லட்சம் ஓட்டு விழுந்ததும் நாடு முழுக்க ரிலீஸ். டிரெய்லரில் பேயைவிட அதிகமாகக் காட்டியது, தியேட்டரில் அலறும் ரசிகர்களின் முகங்களை. அக்டோபர் கடைசி வாரத்தில் 'சா' வரிசையின் ஆறாவது படத்தையே பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது.

வசூல் வேறு, ஷேர் வேறு

19.3 கோடி டாலர் என்பது டிக்கெட் கவுண்டரில் விழுந்த மொத்தப் பணம். இதில் தியேட்டர்காரர்களின் பங்கு போகத்தான் மீதி வரும். ஹாலிவுட்டில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்குப்படி, ஏறக்குறைய பாதிதான் ஸ்டுடியோ பக்கம் சேரும். வெளிநாடுகளில் அது இன்னும் குறையும். எனவே கைக்கு வந்தது 9 கோடி டாலரை ஒட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்துதான் உரிமை, கிளைமாக்ஸ், பிரிண்ட், விளம்பரம் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் பெரிய லாபம்தான், சந்தேகமே இல்லை. 12 ஆயிரம் மடங்கு என்பதுதான் கற்பனை. இதே போல வீட்டிலேயே எடுத்து, வாங்க ஆளில்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலேயே தூங்கும் படங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இரண்டாம் பாகத்துக்கு பட்ஜெட் 30 லட்சம் டாலர், வசூல் 17.7 கோடி. 2015-ல் வந்த 'தி கோஸ்ட் டைமென்ஷன்' படத்துக்கு ஒரு கோடி டாலர் செலவழித்தும் வசூல் 8 கோடியைத் தொடவில்லை.

லாபம் யாருக்கு?

முதல் படத்தைத் தூக்கிச் சுமந்த தயாரிப்பாளர் ஜேசன் ப்ளம், இதையே தன் ப்ளம்ஹவுஸ் நிறுவனத்தின் ஃபார்முலா ஆக்கினார். கையில் குறைந்த சம்பளம், படம் ஓடினால் லாபத்தில் பங்கு. 45 லட்சம் டாலரில் எடுத்து 25 கோடிக்கு மேல் வசூலித்த 'கெட் அவுட்' அங்கிருந்து வந்ததுதான்.

எல்லோருக்கும் அப்படி பங்கு கிடைத்துவிடவில்லை. இந்த பாணிக்கு முன்னோடியான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' 1999-ல் சுமார் 24.8 கோடி டாலர் வசூலித்தது. படத்தில் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்த மூன்று பேரும், 25 ஆண்டுகள் கழித்து, 2024-ல் தங்களுக்கு உரிய பங்கைத் தரச் சொல்லி லயன்ஸ்கேட் நிறுவனத்துக்குப் பகிரங்கமாகக் கோரிக்கை வைத்தார்கள். அதே ஆண்டில்தான் அந்தப் படத்தை மறுபடியும் எடுக்கப்போவதாக லயன்ஸ்கேட் அறிவித்திருந்தது. கூட்டணி யாரோடு? ப்ளம்ஹவுஸ்.