ஆறிய காப்பியும் குளிர்ந்த காப்பியும்

தமிழ் வீடுகளில் சூடில்லாத காப்பியை முதலில் குடித்தவர்கள் பெண்கள்தான். அதற்கு ஐஸ் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்து, குழந்தைக்குப் பால் புகட்டி, பள்ளிக்குப் போகிறவளுக்குத் தலை பின்னி, உலை வைத்துவிட்டுத் திரும்பினால், மேடைமேல் வைத்த சொந்த டம்ளர் ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருக்கும். மறுபடி சுடவைக்க நேரம் இருக்காது. மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போடுவார்கள். அது காப்பி குடித்த கணக்கில்கூடச் சேராது.

கத்திரி வெயிலில் நாம் ஆசையாகப் போட்டுக் குடிக்கிற ஐஸ் காப்பியும் சூடில்லாததுதான். ஆனால் முன்னது, வேலை முடியாததால் தானாக ஆறிப்போனது. பின்னது, ஒருத்தி தனக்கென்று நினைத்துக் குளிரவைத்தது. திண்டிவனத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். அந்தக் காப்பியிலிருந்து இந்தக் காப்பிக்கு வர எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு மூன்று தலைமுறை பிடித்தது. அந்த வழியைத்தான் இங்கே திரும்பிப் பார்க்கிறேன்.

காப்பி நமக்குப் புதிய பண்டம். ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே தலைப்பு வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளிலும்தான் அது நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகப் பரவி, காலையில் நீராகாரம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வெளியே அதற்குக் கிடைத்த இடம் காப்பி கிளப். விழுப்புரம் ரயிலால் வளர்ந்த ஊர். 1879இல் புதுச்சேரிக்கான பாதையும் இங்கிருந்து பிரிந்தது. ரயில் நிற்கிற இடத்தில் காப்பி இல்லாமல் இருக்குமா?

ஆனால் யார் எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது.

சாதியைத் தாண்டினாலும் பெண்ணுக்கு இன்னொரு வாசல் இருந்தது. ஓட்டல்களில் அவளுக்கென்று ஒதுக்கியது 'ஃபேமிலி ரூம்'. திரை போட்ட அந்த அறைக்குள் நுழைவதற்கும் குடும்பம் கூட வேண்டும். தனியாகப் போய் ஒரு காப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்தால், காப்பி வருவதற்கு முன்னால் பேச்சு வந்துவிடும். ஆகவே பெண்ணின் காப்பி என்றால் வீட்டுக் காப்பி மட்டும்தான்.

வீட்டிலோ ஃபில்டருக்குள்ளேயே வரிசை இருந்தது. முதலில் இறங்கும் கெட்டியான டிகாக்ஷன் வீட்டு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாக்ஷன் பெண்களுக்கு. எங்கள் ஆயா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "ரெண்டாவதுதான்டி ஒடம்புக்கு நல்லது" என்பார். பிடித்ததால் குடித்தாரா, கிடைத்ததால் பிடித்துப்போயிற்றா என்று அவரிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

சுற்றியிருந்த கிராமங்களில் மாடு வைத்திருந்த வீட்டிலும் கதை ஏறக்குறைய இதேதான். சாணி அள்ளி, புல் அறுத்துப் போட்டு, விடியுமுன் பால் கறப்பவள் பெண். கறந்த பால் கூட்டுறவு சங்கத்துக்குப் போய்விடும். மீதம் இருந்தால் குழந்தைக்கு. கறந்தவள் வெல்லம் போட்ட வரக்காப்பியோடு வயலுக்குப் போவாள்.

இனி ஐஸின் கதை. அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி விற்றவர் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர். 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தா வந்து இறங்கியது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமித்து வைக்க 1842 வாக்கில் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். வெள்ளைக்கார அதிகாரிகளின் மேசைக்கும் மருத்துவமனைக்கும் போனது போக, சாதாரணத் தமிழ் வீட்டுக்கு அதில் ஒரு துண்டும் வந்திருக்க வழியில்லை. 1874இல் சென்னையிலேயே இயந்திர ஐஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட, கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது.

அந்தக் கட்டடத்துக்குப் பிறகு வாய்த்த வாழ்க்கைதான் நமக்கு முக்கியம். சிறு வயதிலேயே கணவனை இழந்து, படித்து, 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரியானவர் சகோதரி சுப்புலட்சுமி. இளம் கைம்பெண்களுக்கு அவர் நடத்திய விடுதி பின்னாளில் இதே ஐஸ் ஹவுஸில் இயங்கியது. தலையை மழித்து, ஒருவேளைச் சோறு போட்டு, மூலையில் உட்காரவைத்த பெண்கள் அங்கே பாடம் படித்து ஆசிரியைகளாகப் போனார்கள். அது பிராமணக் கைம்பெண்களுக்கான விடுதி. அந்த எல்லையையும் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆண்டைகளின் மதுவைக் குளிர்விக்கக் கட்டிய வீட்டில், வாயைக் கட்டி வளர்க்கப்பட்ட பெண்கள் குடியேறினார்கள் என்பது நம் வரலாற்றில் நடந்திருக்கிறது.

எங்கள் ஊர்களுக்கு ஐஸ் வந்தது கட்டியாக. ஆலையில் தகர அச்சுகளில் தண்ணீர் ஊற்றி, குளிரூட்டிய உப்புக் கரைசலில் இறக்கி உறையவைப்பார்கள். உப்பு கலந்த நீர் பூச்சியம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. வெள்ளை உப்பு கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், காலெல்லாம் வெடித்து, கூடை கூடையாகச் சுமந்து கொட்டுபவர்களில் பெண்கள் ஏராளம். ஐஸ் செய்ய உதவுகிற பண்டத்தை அள்ளியவர்களுக்குத் தூக்குவாளியில் இருந்தது கூழும் வெதுவெதுத்த தண்ணீரும்.

உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி வந்த கட்டி, சர்பத் கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் போனது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது ஐஸ் என்றால் மணியடித்து வரும் வண்டியின் பால் ஐஸும் சேமியா ஐஸும்தான். அதையும் ஒரு வயது வரைதான் தின்ன விட்டார்கள். பெரியவளானதும் விலக்குகள் தொடங்கின. வீட்டுக்கு விலக்கான நாளில் ஐஸ் ஆகாது. பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது. பால் கொடுக்கிறவள் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும். குளிர்ந்த பானத்தால் மாதவிடாய் நின்றுபோகும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. காப்பியோ 'சூடு' என்ற பட்டியலில் இருந்தது. குமரிப் பெண்ணுக்கு அதுவும் ஆகாது. சூடும் ஆகாது, குளிர்ச்சியும் ஆகாது என்றால், சேர்த்துக் கலந்தால் என்ன ஆகும் என்று என் தங்கை கேட்டாள். அதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

அப்போதும் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. மண்பானைக்கு அடியில் போட்ட ஈர மணலில் டிகாக்ஷன் சொம்பை அழுத்தி வைத்து, மேலே நனைத்த துணியைச் சுற்றுவார் அம்மா. ஈரம் காயக் காயச் சொம்பு குளிரும். உள்நாட்டு வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும்; கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு எடுபடாது. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது அதில் கொஞ்சம் பாலும் வெல்லமும் கலந்து குடிப்பார். அதற்கு ஐஸ் காப்பி என்ற பெயரெல்லாம் கிடையாது. கேட்டால், "மிச்சம் இருந்துச்சு, ஊத்திக்கிட்டேன்" என்பார். மிச்சம் என்று சொன்னால்தான் பெண் எதையும் நிம்மதியாகக் குடிக்க முடிந்தது.

இந்தியாவிலேயே தயாரான ஃபிரிட்ஜை 1958இல் கோத்ரெஜ் கொண்டுவந்தது. எங்கள் தெருவுக்கு அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பெரும்பாலும் கல்யாணச் சீராகவே வந்தது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது என்பது ஃபிரிட்ஜ் விற்றவர்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் எனக்குத் திருமணம். என் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த 165 லிட்டர் ஃபிரிட்ஜ் என்னோடு வந்தது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ் கதவில் பூட்டு இருக்கும். உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். சாவி மாமியாரின் இடுப்புக் கொத்தில் இருந்தது.

அவரைக் கொடுமைக்காரியாக்கி இதை முடித்துவிட முடியாது. பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் இரண்டாம் டிகாக்ஷன் குடித்தவர். நிலமும் பணமும் ஆண்கள் பெயரில் இருக்க, அவருக்கென்று வாய்த்த அதிகாரம் அந்தச் சாவிக்கொத்து ஒன்றுதான். வீட்டுக்குள் பெண்ணுக்குப் பெண் எதிரி என்று நாம் கேட்டு வளர்ந்த கதைக்குப் பின்னால், இப்படிச் சின்னச் சின்னச் சாவிகளைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாத பெண்கள் இருக்கிறார்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு குடும்ப அட்டைதாரப் பெண்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், எங்களைப் போன்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். அப்படியொரு கோடையில், ஐஸ் தட்டில் உறையவைத்த டிகாக்ஷன் உருகிவிடுமே என்று இரண்டு டம்ளர் கலந்து, ஒன்றை மாமியாரிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார். காலி டம்ளரைக் கொடுக்கும்போது கேட்டார்: "நாளைக்கும் கரண்டு போவுமா?"

கிரேக்க நாட்டு ஃபிராப்பே பற்றி ஒரு கதை உண்டு. 1957இல் தெசலோனிக்கி கண்காட்சியில் வேலைபார்த்த ஒருவர், இடைவேளையில் வெந்நீர் கிடைக்காமல், காப்பித் தூளைப் பச்சைத் தண்ணீரில் குலுக்கிக் குடித்தாராம். அதுவே நாட்டின் பானமாகிவிட்டது. அவருக்கு இடைவேளை என்று ஒன்று இருந்தது, கண்டுபிடித்தார். நம் அம்மாக்கள் மணலில் சொம்பைப் புதைத்துக் கண்டுபிடித்தது 'மிச்சம்' என்ற பெயரிலேயே மறைந்துபோனது.

ஐஸ் காப்பியின் செய்முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது: அதற்கு இரண்டாம் டிகாக்ஷன் ஆகவே ஆகாது. ஐஸ் உருகினால் வெறும் பழுப்புத் தண்ணீராகிவிடும். ஃபில்டரில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, அவசரப்படாமல் இறங்கவிடுங்கள். சர்க்கரையைச் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். குளிர்ந்தபின் அடியில் தங்கிவிடும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் அரைக் கரண்டி கூடுதலாக இருக்கட்டும். டிகாக்ஷனில் பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். காய்ச்சி ஆறவைத்து ஆடை எடுத்த பாலையும் குளிரவைத்து, மூன்றையும் கலந்தால் கடைசி மிடறு வரை நீர்க்காது. மிக்ஸியில் அடித்தால் நுரை நிற்கும். மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் போதும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் காப்பி குறைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பகல் மூன்று மணி நல்ல நேரம். காலையில் ஒருமுறை போட்டு வைத்தால், வெயில் உச்சத்தில் அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். இது நமக்காகக் காத்திருக்கும் காப்பி. யார் கூப்பிட்டு எழுந்து போனாலும் திரும்பி வரும்போது கெட்டுப்போயிருக்காது.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். காப்பியின் வரலாற்றைத் தோட்டத்திலும் கிளப்பிலும் தேடியிருக்கிறார்கள். சமையல் மேடையில் தேட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் ஆயாவிடம், அம்மாவிடம் கேளுங்கள். முதல் டிகாக்ஷன் யாருக்குப் போனது? ஃபிரிட்ஜ் சாவி யாரிடம் இருந்தது? வீட்டு வேலைக்கு வந்த அம்மாவுக்கு எந்த டம்ளரில் கொடுத்தீர்கள், அந்த டம்ளரை எங்கே கவிழ்த்து வைத்தீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது வீட்டில் கொஞ்சம் அமைதியாகிவிடும். கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். அதற்குமுன் இரண்டு டம்ளர், மூன்று டம்ளர், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை டம்ளர், எல்லாம் ஒரே மாதிரி டம்ளராக எடுத்து, முதல் டிகாக்ஷனிலேயே கலந்து கொடுத்துவிட்டு உட்காருங்கள்.