‘ஒரே பொருள்’ பிறந்த கதை

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் மறையுரை முடிந்து எல்லோரும் எழுந்து நிற்கும்போது, கோயில் முழுக்க ஒரே குரலில் ஒரு பாடம் ஓடும். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அவசரமாகச் சொல்வார்கள். நிசேயா விசுவாசப் பிரமாணம் என்பது அதன் பெயர். இயேசுவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தந்தையோடு ‘ஒரே பொருளானவர்’ என்று வந்து போகும். அங்கே யாரும் நின்று யோசிப்பதில்லை. பைபிளை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை புரட்டினாலும் அந்தச் சொல் கிடைக்காது. அதைப் பெற்றெடுக்க ஒரு பேரரசனும் முந்நூறு ஆயர்களும் கூட வேண்டியிருந்தது. பெற்றதை நிலைநிறுத்த இன்னும் ஐம்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

கிறிஸ்தவர்களுக்கு இயேசு யார், தீர்க்கதரிசியா அதற்கும் மேலா என்று கேட்டால், பதில் அந்த ஒற்றைச் சொல்லில்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்கவே மூன்று சொற்கள் உண்டு. புராட்டஸ்டண்டு வீடுகளில் ‘தீர்க்கதரிசி’. கத்தோலிக்கர் இப்போது சொல்வது ‘இறைவாக்கினர்’. முஸ்லிம்களுக்கு ‘நபி’. ஈசா நபி கன்னி மரியமிடம் பிறந்தார் என்பதைக் குர்ஆனும் சொல்கிறது. அவர் பெயரை ஒரு முஸ்லிம் மரியாதையில்லாமல் உச்சரிக்கமாட்டார். அதனால் பக்கத்து வீட்டு பாய், “உங்களுக்கும் அவர் நபிதானே?” என்று கேட்டால் கிறிஸ்தவர் சொல்ல வேண்டிய நேர்மையான பதில், “ஆமாம். ஆனால்...” என்பதே.

‘ஆமாம்’ என்பதற்கு நற்செய்தி நூல்களிலேயே சாட்சி நிறைய. கிணற்றடியில் பேசிய சமாரியப் பெண் அவரை இறைவாக்கினராகத்தான் முதலில் கண்டுகொண்டாள். நாயீன் ஊரில் விதவையின் மகன் எழுந்து உட்கார்ந்தபோது கூட்டம் சொன்னதும் அதையே. தன் சொந்த ஊரில் அவமானப்பட்டபோது இயேசுவே தன்னை அந்த வரிசையில் வைத்துத்தான் பேசினார். குரு, இறைவாக்கினர், அரசர் என்ற மூன்று பணிகளும் அவருக்கு உண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டத்தை யாரும் மறுத்ததில்லை. அதோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

‘ஆனால்’ எங்கே பிறந்தது? எசாயாவும் எரேமியாவும் பேசும்போது, ‘ஆண்டவர் கூறுவது இதுவே’ என்று முத்திரை குத்திவிட்டுப் பேசுவார்கள். நற்செய்தி நூல்களில் இயேசு ஓரிடத்திலும் அந்த முத்திரையைப் பயன்படுத்துவதில்லை; ‘நான் உங்களுக்குச் சொல்கிறேன்’ என்றே பேசுகிறார். கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரனிடம், நோயைப் பற்றிப் பேசாமல், பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றார். உட்கார்ந்திருந்த மறைநூல் அறிஞர்களுக்குச் சுருக்கென்றது. பாவத்தை மன்னிக்கக் கடவுளைத் தவிர வேறு யாருக்கு அதிகாரம்? அவர்கள் மனதில் எழுந்த கணக்கு தப்பில்லை. உயிர்த்தெழுந்தவர் முன்னால் நின்ற தோமா, சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்று மரபு சொல்கிறதே அதே தோமா, ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் இரண்டு பெயராலும் அவரை அழைத்துவிட்டார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறத்தாழ கி.பி. 55ஐச் சேர்ந்தது. கிரேக்கத்தில் எழுதிய அந்தக் கடிதத்தின் முடிவில் ‘மாரனாத்தா’ என்று ஒரு அரமேயச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. எங்கள் ஆண்டவரே, வாரும் என்பது பொருள். பாலஸ்தீனத்து முதல் யூதச் சீடர்களின் மொழி அது. கிரேக்கர்கள் வந்து சேருமுன்பே அவரை நோக்கி மன்றாடினார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். தீர்க்கதரிசியை நோக்கி யூதன் மன்றாடமாட்டான்.

கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர்களும் இதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தீனியா மாகாணத்தை ஆண்ட பிளினி, இவர்களை என்ன செய்வது என்று டிராஜன் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்பது அவர் விசாரித்துக் கண்டது. ரோமின் பாலட்டைன் குன்றில் ஒரு சுவரில், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தைக் கீறி, அலெக்சாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று எவனோ கேலி எழுதி வைத்தான். 2005இல் இஸ்ரேலின் மெகிதோவில் சிறைச்சாலை வளாகத்தில் தோண்டியபோது ஒரு மொசைக் தரை வெளிப்பட்டது. சுமார் கி.பி. 230ஐச் சேர்ந்தது. அகெப்தூஸ் என்ற பெண், கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக ஒரு மேசையைக் காணிக்கையாகக் கொடுத்ததை அதில் பதித்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் அடுக்கக் காரணம், ‘டாவின்சி கோட்’ நாவல் வந்த நாளிலிருந்து பரவிக்கிடக்கும் ஒரு கதை: மனிதராக இருந்த இயேசுவை 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்திக் கடவுளாக்கினார் என்பது. மெகிதோ மொசைக் பதிக்கப்பட்டபோது கான்ஸ்டன்டைன் பிறக்கவே இல்லை.

வழிபாடு முதலில் வந்துவிட்டது. அதற்கு விளக்கம் கேட்டபோதுதான் திண்டாட்டம். கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவர்கள் யூதர்களைவிட ஒரு அங்குலமும் இறங்கத் தயாரில்லை. இயேசுவையும் கும்பிடுகிறார்கள். எப்படிக் கணக்கு சரியாகும்? எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவர்கள், அவர் மனிதர், கடவுள் தேர்ந்துகொண்டவர் என்று முடித்துக்கொண்டார்கள். சபெல்லியுஸ், தந்தையும் மகனும் ஒருவரேதான், வேடந்தான் வேறு என்றார். அந்தியோக்கியா ஆயர் சமோசாத்தா பவுல் வேறொரு வழி சொல்லி 268இல் பதவி இழந்தார். அவரைக் கண்டித்த ஆயர்கள் தள்ளிவைத்த சொற்களில் ஒன்று ‘ஹோமோஊசியோஸ்’ என்று பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதாநாயகன் இதுதான். மேடைக்கு வருமுன்பே கெட்ட பெயர் வாங்கிவிட்டது.

அடுத்து வருபவர் ஆரியுஸ். (ஆரியருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.) அலெக்சாந்திரியாவில் பவுகாலிஸ் என்ற கோயிலில் குரு; நல்ல பேச்சாளர். மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடுவதற்கென்று தன் கருத்துகளைப் பாட்டாகக் கட்டியவர் என்று சொல்வார்கள். அவர் வாதம் சந்தையில் நிற்பவனுக்கும் புரியும்: எந்த அப்பனும் மகனுக்கு மூத்தவன். அப்படியானால் மகன் இல்லாத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும். எனவே மகன், கடவுள் படைத்தவற்றில் முதலானவர், உயர்ந்தவர், மற்ற எல்லாம் அவர் வழியாகவே உண்டாயின; ஆனாலும் படைக்கப்பட்டவர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரியுஸ்கூட இயேசுவை வெறும் தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை. அவருடைய இயேசு உலகம் தோன்றுமுன் இருந்தவர், உலகத்தை உண்டாக்கியவர். சண்டை கடவுளுக்கும் கிட்டத்தட்டக் கடவுளுக்கும் இடையில்தான். அதற்கா இவ்வளவு ரகளை என்று கான்ஸ்டன்டைனுக்கே தோன்றியது. அற்ப விஷயத்துக்கு அடித்துக்கொள்ளாதீர்கள் என்று கடிதம் எழுதி, கோர்தோபா ஆயர் ஓசியுஸிடம் கொடுத்தனுப்பினார். பலிக்கவில்லை.

எதிர்த்தரப்பின் பயம் என்னவென்றால், படைக்கப்பட்டவரைக் கும்பிட்டால் அது சிலை வழிபாட்டைவிட எந்த விதத்தில் மேல்? அதைவிட முக்கியமாக, ஒரு கடனாளிக்கு இன்னொரு கடனாளி ஜாமீன் நிற்க முடியுமா? படைப்பு படைப்பை மீட்காது என்பதே அவர்கள் வாதத்தின் முதுகெலும்பு. எனக்குப் படுவது, ஆரியுஸுக்குத் தர்க்கம் இருந்தது, எதிராளிகளுக்கு வழிபாட்டுப் பழக்கம் இருந்தது. இரண்டாவதை அசைப்பது கஷ்டம்.

325 கோடையில் நிசேயா நகரத்தில் பேரரசர் ஆயர்களைக் கூட்டினார். பிளினி புகார் எழுதிய அதே பித்தீனியா மாகாணத்து ஊர். அரசாங்கச் செலவில், அரசாங்க வண்டிகளில் வந்து இறங்கினார்கள். எண்ணிக்கையை மரபு 318 என்கிறது. கலந்துகொண்ட செசரியா ஆயர் யூசேபியுஸ் 250க்கு மேல் என்று எழுதினார். பெரும்பாலும் கிழக்கத்தியர். ரோமிலிருந்து திருத்தந்தை சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். பன்னிரண்டு வருடம் முன்புவரை இதே அரசாங்கம் இவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. எகிப்திலிருந்து வந்த பாப்னூசியுஸுக்கு ஒரு கண் பிடுங்கப்பட்டிருந்தது. அந்தத் தழும்பில் பேரரசர் முத்தமிட்டார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கமும் செந்நீலமும் மின்ன உள்ளே வந்த கான்ஸ்டன்டைன், ஆயர்கள் சைகை காட்டிய பிறகே உட்கார்ந்தாராம்.

சொல் தேடும் படலம்தான் சுவையானது. அலெக்சாந்திரியா ஆயரோடு வந்திருந்த இளம் திருத்தொண்டர் அத்தனாசியுஸ் பிற்காலத்தில் அதை எழுதினார். ஆயர்கள் முதலில் பைபிளிலிருந்தே சொல் எடுக்கப் பார்த்தார்கள். மகன் ‘கடவுளிடமிருந்து’ வந்தவர் என்று போடலாமா? ஆரியுஸ் கட்சிக்காரர்கள் உடனே தலையாட்டினார்கள். எல்லாமே கடவுளிடமிருந்துதானே வந்தன! கடவுளின் ‘வல்லமை’ என்று போட்டால்? யோவேல் நூலில் வெட்டுக்கிளிக் கூட்டத்தையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. கடவுளின் ‘சாயல்’? மனிதனும் சாயல்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்து, கண்ஜாடை காட்டிக்கொண்டார்களாம். எந்த வேலி போட்டாலும் அடியில் நுழைந்துவிடுகிறார்கள். இதை எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் பத்திரம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

அவர்கள் நுழைய முடியாத சொல் ஒன்று வேண்டும். அதை எதிர்க்கட்சியே எடுத்துக் கொடுத்தது என்பது மிலான் ஆயர் அம்புரோசியார் தரும் தகவல். ஆரியுஸின் நண்பர் நிக்கோமேதியா யூசேபியுஸ் எழுதிய ஒரு கடிதத்தைச் சபையில் வாசித்தார்கள். மகன் படைக்கப்படாதவர் என்றால் தந்தையோடு ‘ஹோமோஊசியோஸ்’ என்றல்லவா சொல்ல வேண்டிவரும் என்று, அபத்தத்துக்கு உதாரணமாக, அதில் எழுதியிருந்தார். இது அவர்களுக்குத் தொண்டையில் இறங்காத சொல் என்று தெரிந்ததும், அதையே போடுங்கள் என்றார்கள்.

‘ஹோமோ’ ஒரே. ‘ஊசியா’ பொருள். இந்த ஊசியா தனியாக ஒரு இடத்தில் நற்செய்தியில் வருகிறது: ஊதாரி மகன் அப்பனிடம் பங்கு கேட்கும் கதையில், சொத்து என்ற அர்த்தத்தில். நம் ‘பொருள்’ என்ற சொல்லும் அப்படித்தான். செல்வமும் பொருள், ஒன்று எதனால் ஆனதோ அதுவும் பொருள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, கிரேக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான சொல் லத்தீனில்கூட இல்லை என்பது என் கட்சி.

கடைசிவரை கையெழுத்துப் போடாமல் நின்ற ஆயர்கள் இருவர், லிபியப் பகுதியைச் சேர்ந்த செகுந்துஸும் தெயோனாஸும். ஆரியுஸோடு அவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். பலர் தயங்கியே போட்டார்கள். செசரியா யூசேபியுஸ் தன் ஊர் மக்களுக்கு, ஏன் இந்தச் சொல்லுக்கு ஒப்புக்கொண்டேன் என்று நீண்ட சமாதானக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பேரரசர் திணித்த சொல் என்று தள்ளிவிடலாம். நடந்தது தலைகீழ். கான்ஸ்டன்டைனே மனம் மாறி ஆரியுஸை மீண்டும் அழைத்துக்கொண்டார். 337இல் மரணப்படுக்கையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அதே நிக்கோமேதியா யூசேபியுஸ். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்சியுஸ் முழுமூச்சாக நிசேயாவுக்கு எதிரானவர்களை ஆதரித்தார். 357இல் சிர்மியத்தில் கூடியவர்கள், ‘ஊசியா’ என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அலெக்சாந்திரியா ஆயராகிவிட்ட அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டு, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளை வெளியே கழித்தார். ஒரே பொருள் வேண்டாம், ‘ஒத்த பொருள்’ என்போமே என்று சமரசம் பேசியவர்கள் ஒரு கட்சி. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், ‘ஹோமொய்ஊசியோஸ்’. அரண்மனை ஆதரவு பெரும்பாலும் இல்லாமலே இந்தச் சொல் பிழைத்தது.

கான்ஸ்டான்டிநோபிள் கடைத்தெருவரை இந்தச் சண்டை இறங்கியதை நீசா ஆயர் கிரகோரியார் சலித்துக்கொண்டு சொல்கிறார். ரொட்டி என்ன விலை என்று கேட்டால், தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்கிறானாம் கடைக்காரன். குளிக்க வெந்நீர் தயாரா என்றால், மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர் என்று பதில் வருகிறதாம். தேர்தல் நேரத்து டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

381இல் தெயோதோசியுஸ் பேரரசர் அதே கான்ஸ்டான்டிநோபிளில் 150 ஆயர்களைக் கூட்டினார். நிசேயாவின் சொல் உறுதியானது; தூய ஆவியைப் பற்றிய பகுதியும் விரிந்தது. இன்று கோயிலில் சொல்லும் பாடம் அந்த வடிவம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்று தனித்தனியே பிரிந்துபோன சபைகள் எல்லாம் இந்தச் சொல்லில் மட்டும் ஒன்றாக நிற்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் போன்றோர் இன்றும் இதை ஏற்பதில்லை. மற்ற சபைகள் அவர்களைத் தங்களில் ஒருவராக எண்ணாததற்கு இதுவே முதல் காரணம்.

நிசேயாவின் இன்றைய பெயர் இஸ்னிக், துருக்கியில் இருக்கிறது. 2014இல் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தபோது, ஏரித் தண்ணீருக்குள் ஒரு பழைய கோயிலின் அடித்தளம் தெரிந்தது. 2025 நவம்பர் 28ஆம் தேதி அந்தக் கரையில் திருத்தந்தை பதினான்காம் லியோவும் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவும் மற்ற சபைத் தலைவர்களோடு நின்று, அந்தப் பாடத்தைச் சேர்ந்து சொன்னார்கள்.