பூட்டன் மாண்ட இடம் எது?

நுவரெலியாவில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் வெள்ளை அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பது அவருக்குரிய புகழ்! 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நாள் தெரியும், இடம் தெரியும், காரணமும் தெரியும். இவரைப் போன்றோரின் கல்லறை எழுத்துக்களைத் தீவெங்கும் தேடித் திரட்டி, பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913இல் ஒரு பெருநூலே வெளியிட்டார்.

அதே காலத்தில், நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலுள்ள இறம்பொடை மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பிக் கன்று நட்ட தமிழனின் சாவு எந்த நூலில் இருக்கிறது? அவன் எங்கே மாண்டான், எதனால் மாண்டான் என்று அவனுடைய வழித்தோன்றல்கள் இன்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கல்லும் இல்லை. இலங்கையில் பிறப்பு இறப்புக்களைப் பதியும் முறை 1867இல்தான் தொடங்கியது. கோப்பி யுகத்தின் முதல் முப்பது ஆண்டுகள் அதற்கு முன்னரே கழிந்துவிட்டன.

ஆனால், எவரும் அவனைப் பற்றிக் கணக்கு வைக்கவில்லை என்று எண்ணிவிடலாகாது. கங்காணியிடம் கணக்கு இருந்தது. ஊரிலே கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் அவன் பெயரிலே ஏறின. பின்னாளில் இது 'துண்டு' என்ற கடன்சீட்டாக வடிவெடுத்தது. துண்டில் எழுதிய கடனைத் தீர்க்க இன்னொரு தோட்டத்துத் துரை முன்வந்தாலன்றி, தொழிலாளி தான் நின்ற தோட்டத்தைவிட்டு நகர முடியாது. அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன்பட்டவனை மறவாத உலகம், செத்தவனை மறந்துவிட்டது.

எனவே, பூட்டன் மாண்ட இடத்தைத் தேடுவோர் இறம்பொடையில் தொடங்குவதைவிட அவன் புறப்பட்ட சீமையில் தொடங்குவதே முறை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலான மாவட்டங்களில் சொந்தமாக ஒரு காணி நிலமும் அற்றவர்கள். அவர்களிலே பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதியினர். மழை பொய்த்த ஆண்டுகளில் கடற்கரையில் கூட்டம் பெருகியது. 1844இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தனர். தென்னாட்டின் கொடும் பஞ்சம் நிலவிய 1877இல் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். பசியால் நலிந்த உடம்போடுதான் அவர்கள் தோணியேறினர் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

மன்னார்க் கரையில் இறங்கியதும் நடை தொடங்கும். வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளை சேர ஏறத்தாழ 150 மைல். குடிக்கக் குட்டை நீர். வழியெல்லாம் மலேரியாக் காய்ச்சல். ஒருவனுக்கு வாந்திபேதி கண்டால் கூட்டம் முழுவதற்கும் கண்டது. நடக்க முடியாதவனைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. நின்றால் அரிசி தீரும். மாத்தளையை அடைந்தோர் உயிர் பிழைத்த நன்றிக்குக் கும்பிட்டுச் சென்றனர் என்று முத்துமாரியம்மன் கோயிலைப் பற்றி வழங்கும் செய்தியை நாம் வெறும் பக்திக் கதையாகத் தள்ள வேண்டியதில்லை. அங்கிருந்து கண்டி, கம்பளை, புசல்லாவை வழியாக இறம்பொடை. வெயிற் சீமையிற் பிறந்தவனுக்கு அங்கே ஓயாத மழையும் குளிரும் காத்திருந்தன. சீதபேதியும் நெஞ்சுச் சளியும் எஞ்சியோரை வாரின. வேலைக்குதவாத நோயாளியைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றிப் பாதையில் விடும் வழக்கமும் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென ஒரு சட்டம் 1872இல் வந்தது; அதற்கு மூன்று ஆண்டு முன்னரே கோப்பி இலையில் கண்ட நோய்க்கு மருந்து தேடத் தொடங்கிவிட்டார்கள்!

மாண்டவர் எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் காற்பங்கினர், அதாவது 70,000 பேர், மாண்டனர் என்று 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் கணக்கிட்டது. அத்தொகை மிகையா குறைவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். துறைமுகத்தில் வந்தோரையும் திரும்பியோரையும் எண்ணினார்கள். இடையில் செத்தோரை எண்ணவில்லை. ஆகையால் சாவுகளை அறியக் கழித்தற் கணக்கைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒரு மனிதனின் முடிவு, கழித்து வந்த மீதியாயிற்று.

விதிவிலக்கு உண்டு. இறம்பொடையின் வெவண்டன் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, அத்தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர் கருப்பையா. அவருடைய ஊரும் வரவும் மகன் சௌமியமூர்த்தி தொண்டமானின் தன்வரலாற்றில் உள்ளன. சொத்துள்ள இடத்தில் வமிசக் கதையும் நிலைக்கிறது போலும். அவரோடு வந்த மற்றையோரின் கதை லயத்துக் கிழவிகளின் ஒப்பாரியோடு போயிற்று.

இது பழங்கதையாக மட்டும் நின்றிருந்தால் நாம் இவ்வளவு வற்புறுத்த வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழனிடம் கேட்டது என்ன? உன் தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்று காட்டு. அல்லது பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்டு! பூட்டன் செத்ததைக்கூடக் குறித்துவைக்காத அரசு, அவன் பிறந்ததற்குப் பேரனிடம் சான்று கேட்டது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அது கிட்டியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டுகள் கழித்துப் பாதி பாதியாகப் பகிர்ந்தனர். நாடற்றவராய் மிஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது.

ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டோர் சென்ற வழியைப் பாருங்கள். பூட்டன் இறங்கிய அதே மன்னார்க் கரைக்கு, இம்முறை புகைவண்டியில் கொண்டுவந்து, தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அட்டை பெற்று, பலர் நீலகிரிக்குப் போயினர். அங்கே தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து கிள்ளும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு, தொலைதூரத்தில் விட்டுவந்த ஊரும் முன்னோர் புதைந்த மண்ணும் இறம்பொடைதான்.